ஒரே உடலில் இரண்டு கிருமிகள்: இணைத்தொற்று பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காய்ச்சல் வந்தவுடன் நாம் கேட்பது "எந்தக் கிருமி?" என்றுதான். கிருமி ஒன்றே ஒன்று என்ற முடிவு அந்தக் கேள்விக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. பாடப்புத்தகங்களும் காசநோய்க்கு ஓர் அத்தியாயம், மலேரியாவுக்கு ஓர் அத்தியாயம் என்று பிரித்துப் பழக்கிவிட்டன. உடலுக்குள் அத்தியாயப் பிரிவு கிடையாது. நோயாளிகள், மாணவர்கள், கால்நடை வளர்ப்போர் ஆகிய மூன்று தரப்பிலிருந்தும் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். விஷயம் இருக்கும் இடத்தில் பதில் நீளும். இல்லாத இடத்தில் இரண்டு வரியோடு நிற்கும்.

இணைத்தொற்று என்றால் என்ன? இரண்டாம்நிலைத் தொற்று, மேல்தொற்று என்பவையும் இதுதானா?

ஒரே உடலில் ஒரே காலத்தில் இரண்டோ அதற்கு மேலோ நோய்க்கிருமிகள் குடியிருந்தால் அது இணைத்தொற்று. வைரஸோடு பாக்டீரியா சேரலாம், புழுவோடு வைரஸ் சேரலாம். ஒரே கிருமியின் இரண்டு வகைகளும் சேரலாம். முதலில் வந்தது கதவைத் திறந்துவிட்டதால் பின்னால் நுழைவது இரண்டாம்நிலைத் தொற்று. ஏற்கெனவே நிலைத்துவிட்ட தொற்றின்மேல் இன்னொன்று ஏறினால் மேல்தொற்று. மருத்துவர்களே இந்தச் சொற்களைக் கலந்துதான் புழங்குகிறார்கள்.

பேச்சில் கலந்தாலும் விளைவில் அவை வேறு வேறு. இதைக் காட்ட ஹெபடைட்டிஸ் டி வைரஸை விடத் தெளிவான சான்று இல்லை. 1977-இல் மரியோ ரிசெட்டோ என்ற இத்தாலிய மருத்துவர் கண்டறிந்தது இது. இந்த வைரஸுக்குச் சொந்தமாக மேலுறை செய்யத் தெரியாது; ஹெபடைட்டிஸ் பி வைரஸின் உறையை இரவல் வாங்கித்தான் ஒரு கல்லீரல் செல்லிலிருந்து அடுத்த செல்லுக்குப் போகும். பி இல்லாதவரிடம் டி-யால் ஒன்றும் செய்ய முடியாது. பி-யும் டி-யும் ஒரே நேரத்தில் புதிதாக ஒருவருக்கு வந்தால், மஞ்சள் காமாலை கடுமையாக இருக்கக்கூடும். ஆனால் பெரும்பாலான பெரியவர்களின் உடல் பி-யை விரட்டிவிடும், கூடவே டி-யும் போய்விடும். நாள்பட்ட நோயாகத் தங்குவது 5 சதவீதத்துக்கும் குறைவு. ஏற்கெனவே நாள்பட்ட பி தொற்று உள்ளவருக்குப் பின்னால் டி வந்து சேர்ந்தாலோ, பத்தில் ஏழு பேருக்கு மேல் அது நாள்பட்டதாகிக் கல்லீரலைச் சுருக்கும் பாதையில் போகிறது. கிருமிகள் அதே இரண்டுதான். வந்த வரிசை மட்டும் மாறியிருக்கிறது. கீழே வரும் பல பதில்களில் இந்த வரிசைதான் திரும்பத் திரும்பத் தலைகாட்டும்.

இது அபூர்வமா?

இல்லை. மண் வழியே பரவும் குடற்புழுக்கள் உலகில் ஏறத்தாழ 150 கோடிப் பேரிடம் இருக்கின்றன. காசநோய்க் கிருமி உறங்கும் நிலையில் உலக மக்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவரிடம் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணிக்கிறது. சின்னம்மை வந்து போன எவர் உடலிலும் அந்த வைரஸ் நரம்பு முடிச்சுகளில் ஆயுள் முழுக்கத் தூங்குகிறது. இந்த வட்டங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுப் பார்த்தால், ஒரே ஒரு கிருமி மட்டும் குடியிருக்கும் உடல்தான் அபூர்வம்.

இரண்டு கிருமிகள் என்றால் நோய் இரண்டு மடங்கா?

அந்தக் கணக்கு இங்கே செல்லாது. சில சேர்க்கைகள் பத்து மடங்கு கெடுதல், சிலவற்றில் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை, சிலவற்றில் ஒன்று மற்றதை அடக்கியே வைக்கிறது.

அடக்குவதற்கு எடுத்துக்காட்டு வேண்டுமானால் சாதாரணச் சளியை உண்டாக்கும் ரைனோவைரஸைப் பார்க்கலாம். ஆய்வகத்தில் வளர்த்த மனித மூச்சுக்குழாய்ச் செல்களில் முதலில் ரைனோவைரஸைச் செலுத்தி, மூன்று நாள் கழித்து ஃப்ளூ வைரஸைச் செலுத்திப் பார்த்தார்கள். ஃப்ளூவால் சரியாகப் பெருகவே முடியவில்லை. முதல் வைரஸைக் கண்டு செல்கள் இன்டர்ஃபெரான் என்ற எச்சரிக்கைப் புரதத்தைச் சுரந்துவிட்டன. இரண்டாவதாக வந்தது பூட்டிய வீட்டில் முட்டிக்கொண்டது. இன்டர்ஃபெரான் கண்டுபிடிக்கப்பட்டதே இப்படித்தான். ஒரு வைரஸ் ஏன் இன்னொன்றைத் தடுக்கிறது என்று தேடிப் போன ஐசக்ஸ், லிண்டன்மன் ஆகிய இருவர் 1957-இல் அதற்குப் பெயர் வைத்தார்கள்.

வேண்டுமென்றே இரண்டாவது கிருமியை ஏற்றிய கதையும் உண்டு. மூளையைத் தாக்கிய சிஃபிலிஸ் நோயாளிகளுக்கு 1917-இல் வியன்னாவில் வாக்னர்-யௌரெக் என்ற மருத்துவர் மலேரியா நோயாளியின் ரத்தத்தைச் செலுத்தினார். மலேரியாவின் கடும் காய்ச்சல் சிஃபிலிஸைக் கட்டுப்படுத்தும், பிறகு குவினைன் கொடுத்து மலேரியாவை அடக்கிவிடலாம் என்பது திட்டம். சிலர் தேறினார்கள், சிலர் மலேரியாவாலேயே இறந்தார்கள். 1927-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பெனிசிலின் வந்ததும் அந்த முறை மறைந்தது, நல்லவேளை.

ஃப்ளூ குணமாகிவரும்போது திடீரென்று நிமோனியா ஏன் வருகிறது?

மூச்சுக்குழாயின் உட்சுவரை நுண்ணோக்கியில் பார்த்தால் காற்றில் ஆடும் நெற்பயிர் போல நுண்மயிர்கள் ஒரே திசையில் அசைந்துகொண்டிருக்கும். மூச்சில் வரும் தூசியையும் பாக்டீரியாவையும் சளியில் சிக்கவைத்துத் தொண்டைப் பக்கம் தள்ளுவதுதான் அவற்றின் வேலை. ஃப்ளூ வைரஸ் பெருகுவது இந்த நுண்மயிர்ச் செல்களில்தான். செல்கள் செத்து உதிர்ந்தால் அந்த வயல் அங்கங்கே அறுவடை முடிந்த திட்டாகிவிடும். பிறகு கீழே இறங்கும் பாக்டீரியாவை மேலே தள்ள ஆளில்லை.

இது பாதிக் கதை. வைரஸின் மேலிருக்கும் நியூராமினிடேஸ் என்ற நொதி, செல் பரப்பைப் போர்த்தியிருக்கும் சியாலிக் அமிலத்தைச் சீவி எடுக்கிறது. அடியில் மறைந்திருந்த பிடிமானங்கள் வெளியே வருகின்றன. நிமோகாக்கஸ் பாக்டீரியா அவற்றைப் பற்றிக்கொள்கிறது. அத்துடன், வைரஸை ஒழிக்க உடல் சுரக்கும் காமா இன்டர்ஃபெரான், நுரையீரலின் காற்றறைகளில் பாக்டீரியாவை விழுங்கும் செல்களின் பசியைக் குறைத்துவிடுகிறது. வைரஸுக்கு எதிரான போர் வெற்றிபெறும் அதே வாரத்தில் பாக்டீரியாவுக்கு எதிரான காவல் தளர்ந்துபோகிறது. எலிகளில் இந்தப் பலவீனம் உச்சத்தைத் தொடுவது வைரஸ் நுழைந்த ஏழாம் நாளை ஒட்டி. "காய்ச்சல் விட்டு இரண்டு நாள் நன்றாக இருந்தார், பிறகு குளிர் நடுக்கத்தோடு மறுபடி வந்தது" என்று வீட்டார் சொல்வது இந்தக் கால அட்டவணையோடு ஒத்துப்போகிறது.

அப்படியானால் 1918-இல் மக்களைக் கொன்றது வைரஸா, பாக்டீரியாவா?

இரண்டும் சேர்ந்துதான். இந்தப் பதிலுக்கு வந்துசேர அறிவியல் சுற்றிய சுற்று சுவையானது.

1892-இல் ரிச்சர்ட் ஃபைஃபர் ஃப்ளூ நோயாளிகளின் சளியில் ஒரு சிறிய பாக்டீரியாவைக் கண்டு, இதுதான் ஃப்ளூவின் காரணம் என்று அறிவித்தார். 1918-இல் பெருந்தொற்று வந்தபோது உலகெங்கும் ஆய்வகங்கள் அதையே தேடின. சிலருக்குக் கிடைத்தது, பலருக்கு அகப்படவே இல்லை. தவறான அடையாளம் என்று பின்னால் தெரிந்தும் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. அந்தப் பாக்டீரியா இன்றும் ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளூயன்சே என்றே அழைக்கப்படுகிறது. ஃப்ளூவை உண்டாக்காத ஒன்று ஃப்ளூவின் பெயரைச் சுமந்து திரிகிறது.

முடிச்சை அவிழ்த்தவை பன்றிகள். அமெரிக்காவில் ரிச்சர்ட் ஷோப் என்பவர் ஃப்ளூ வந்த பன்றியின் மூச்சுக்குழாய்ச் சுரப்பை எடுத்து, பாக்டீரியா நுழைய முடியாத நுண் வடிகட்டியில் வடித்தார். வடிந்த நீரைப் பன்றிகளின் மூக்கில் விட்டார். லேசான சுணக்கத்தோடு பன்றிகள் எழுந்துவிட்டன. பிரித்தெடுத்த பாக்டீரியாவை மட்டும் விட்டார், ஒன்றுமே ஆகவில்லை. இரண்டையும் சேர்த்து விட்டார். கடுமையான நோய் அப்படியே வந்தது. 1931-இல் வெளியான இந்த ஆய்வுதான், தனித்தனியே சாதுவாக இருக்கும் இரண்டு சேரும்போது கொடூரமாகும் என்பதைக் கண்முன் காட்டியது. மனித ஃப்ளூ வைரஸ் லண்டனில் பிரித்தெடுக்கப்பட்டது அதற்கும் பிறகு, 1933-இல். பல பத்தாண்டுகள் கழித்து, 1918-இல் இறந்தவர்களின் பாதுகாத்து வைத்திருந்த நுரையீரல் திசுக்களை மறுபடி ஆராய்ந்தபோது, மிகப் பெரும்பான்மையான மரணங்களில் பாக்டீரியா நிமோனியாவின் தடம் தெளிவாக இருந்தது.

எச்.ஐ.வி-யும் காசநோயும் ஏன் எப்போதும் சேர்த்தே பேசப்படுகின்றன?

ஒன்றையொன்று வளர்க்கும் சோடி என்பதால். காசநோய்க் கிருமியை உடல் கொல்வதில்லை. வெள்ளையணுக்களால் சுற்றிச் சுவர் எழுப்பிச் சிறை வைக்கிறது. அந்தச் சிறையின் காவல் அதிகாரிகள் சி.டி.4 செல்கள் என்ற ஒருவகை வெள்ளையணுக்கள். எச்.ஐ.வி கொல்வது சரியாக அந்தச் செல்களைத்தான். உறங்கும் காசநோய்க் கிருமியோடு வாழும் ஒருவருக்கு வாழ்நாள் முழுவதும் சேர்த்து நோயாக வெடிக்கும் வாய்ப்பு 5 முதல் 10 சதவீதம். சிகிச்சை பெறாத எச்.ஐ.வி இருந்தால் ஏறத்தாழ அதே வாய்ப்பு ஒவ்வோர் ஆண்டும். திருப்பிப் பார்த்தாலும், காசநோய் கிளப்பும் அழற்சி சி.டி.4 செல்களைச் சுறுசுறுப்பாக்குகிறது, எச்.ஐ.வி பெருகச் சுறுசுறுப்பான செல்தான் தேவை. எச்.ஐ.வி-யோடு வாழ்பவர்களின் மரணத்துக்கு முதன்மைக் காரணம் இன்றும் காசநோய்தான்.

பலர் கவனிக்காத ஒன்று: காசநோய் என்றால் எக்ஸ்ரேயில் நுரையீரலின் மேற்பகுதியில் ஓட்டை தெரியும் என்று படித்திருப்போம். அந்த ஓட்டையைப் போடுவது கிருமி மட்டுமல்ல. கிருமியை எதிர்க்கும் உடலின் சொந்த ஆத்திரம்தான் பெருமளவு. எதிர்ப்பாற்றல் குலைந்தவரிடம் ஆத்திரமே இல்லை, ஆகவே ஓட்டையும் இல்லை. ஓட்டை இல்லாவிட்டால் சளியில் கிருமி குறைவாக வரும். சளிப் பரிசோதனை 'நெகட்டிவ்' என்று சொல்லும். நோய் முற்றியவரிடம் சான்று குறைகிறது. இணைத்தொற்று நோயை மட்டுமல்ல, நோயின் முகத்தையும் மாற்றிவிடும்.

சிகிச்சையிலும் வரிசை பார்க்க வேண்டும். காசநோய் மருந்தை முதலில் தொடங்கி, எச்.ஐ.வி மருந்தை இரண்டு வாரத்துக்குள் சேர்ப்பது இன்றைய வழக்கம். சேர்த்த சில வாரங்களில் சிலருக்குக் கழுத்து நெறிக்கட்டு வீங்கி, காய்ச்சல் திரும்பும். மருந்து தோற்றுவிட்டது என்று வீட்டார் பதறுவார்கள். உண்மையில் விழித்துக்கொண்ட எதிர்ப்பாற்றல் பழைய கிருமிகளைக் கண்டு சீறுகிறது. மூளை உறையில் காசநோய் இருந்தால் இந்தச் சீற்றமே உயிருக்கு ஆபத்து, அங்கே எச்.ஐ.வி மருந்தைச் சில வாரங்கள் தள்ளிப்போடுகிறார்கள்.

குடற்புழுவுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

நிறைய. பெரிய புழுவை வெள்ளையணு விழுங்க முடியாது. அதனால் உடல் அதற்கென்று வேறொரு பாணி எதிர்ப்பைக் கையாள்கிறது. அந்தப் பாணி ஓங்கினால், செல்லுக்குள் ஒளியும் பாக்டீரியாவை எதிர்க்கும் பாணி தணிகிறது. புழு நீண்டநாள் தங்குவதற்காகத் தானும் எதிர்ப்பாற்றலைத் தாலாட்டுகிறது.

அப்படியானால் புழுவை நீக்கிவிட்டால் காசநோய் குறையுமா? தென்னாப்பிரிக்காவில் காட்டெருமைகளை வைத்து எசென்வா, ஜோல்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் இதைச் சோதித்து 2015-இல் வெளியிட்டார்கள். பாதி எருமைகளுக்கு நீண்டகாலம் வேலைசெய்யும் புழு மருந்து கொடுத்தார்கள், மறுபாதிக்குக் கொடுக்கவில்லை. மருந்து பெற்றவையும் மாட்டுக் காசநோயால் அதே அளவில்தான் தொற்றப்பட்டன. ஆனால் தொற்றியபின் பிழைத்திருக்கும் வாய்ப்பு ஒன்பது மடங்கு கூடியது. கேட்க இனிப்பான செய்திதான். பிழைத்த எருமை சும்மா இருக்காதே. மந்தையில் திரிந்து மற்றவற்றுக்குப் பரப்பும். அவர்கள் கணக்குப்படி காசநோய் பரவும் ஆற்றல் எட்டு மடங்கு கூடியது. ஓர் எருமைக்கு நல்லது, மந்தைக்குக் கெட்டது. புழு மருந்தே வேண்டாம் என்று யாரும் இதிலிருந்து முடிவுகட்ட வேண்டாம். ஒரு கிருமியைத் தொட்டால் இன்னொன்றின் கணக்கும் மாறும் என்பதைத்தான் எருமைகள் காட்டின.

இன்னும் நேரடியான கூட்டணியும் உண்டு. ரத்தக் குழாயில் வாழும் சிஸ்டோசோமா புழுவின் தோலில் சால்மோனெல்லா பாக்டீரியா ஒட்டிக்கொண்டு, ஆன்டிபயாட்டிக் தீண்டாமல் பிழைத்திருக்கும். மருந்து முடிந்ததும் காய்ச்சல் திரும்பும். புழுவையும் கொன்றால்தான் அந்தக் காய்ச்சல் ஓயும்.

ஆடு மாடு, கோழி, நாய்களில் இது எப்படி?

கால்நடை மருத்துவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. மனித மருத்துவம் ஒரு கிருமிக்கு ஒரு நோய் என்று பிடிவாதமாக நின்ற காலத்திலேயே அவர்கள் 'நோய்த் தொகுதி' என்று பேசத் தொடங்கிவிட்டார்கள்.

நீண்ட தூரம் லாரியில் ஏற்றிச் செல்லப்பட்ட கன்றுகளுக்கு வரும் 'பயணக் காய்ச்சல்' நல்ல எடுத்துக்காட்டு. மான்ஹெய்மியா என்ற பாக்டீரியா நலமான கன்றின் மூக்கிலும் தொண்டையிலும் சாதாரணமாகவே இருக்கும். பயணக் களைப்பு, நெரிசல், கூடவே ஒரு சுவாச வைரஸ்; மூன்றும் சேர்ந்தால் அந்தப் பாக்டீரியா பெருகி நுரையீரலுக்கு இறங்குகிறது. குற்றவாளி வெளியிலிருந்து வரவில்லை, வீட்டிலேயே இருந்தவன்.

செம்மறியின் குளம்பழுகலில் வரிசை இன்னும் துல்லியம். ஈரத்தில் ஊறிய குளம்பிடைத் தோலை ஃபியூசோபாக்டீரியம் முதலில் புண்ணாக்கும்; பிறகு டைகெலோபாக்டர் என்ற இன்னொன்று குளம்பைத் தசையிலிருந்து பிரித்துக்கொண்டே போகும். கோழிக் குஞ்சுகளில் கம்போரோ வைரஸ் எதிர்ப்பணுக்கள் பயிற்சி பெறும் பர்சா என்ற உறுப்பையே அழித்துவிடுகிறது; அதன்பின் வெள்ளைக்கழிச்சலுக்குத் தடுப்பூசி போட்டும் ஏறுவதில்லை. "தடுப்பூசி போலி" என்று பண்ணைக்காரர் கோபப்படும்போது, பல நேரங்களில் கோபம் போய்ச் சேர வேண்டிய இடம் வேறு. நாய்களின் வறட்டு இருமலிலும் போர்டெடெல்லா பாக்டீரியாவும் பாராஇன்ஃப்ளூயன்சா வைரஸும் கைகோக்கின்றன. தடுப்பூசியில் இரண்டும் சேர்ந்தே இருப்பது அதனால்தான்.

காட்டு விலங்குகளில் என்னைக் கவர்ந்தது சிங்கங்களின் கதை. 1994-இல் தான்சானியாவின் செரெங்கெட்டிப் புல்வெளியில் மூன்றில் ஒரு பங்குச் சிங்கங்கள் செத்தன. நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் வைரஸ் என்று தீர்ப்பு எழுதியாகிவிட்டது. ஆனால் பழைய ரத்த மாதிரிகளைச் சோதித்தபோது, அதே வைரஸ் வேறு ஆண்டுகளில் மரணமே இல்லாமல் சத்தமின்றி வந்துபோயிருந்தது தெரிந்தது. அந்த ஆண்டில் மட்டும் என்ன வேறுபாடு? அதற்கு முந்தைய கடும் வறட்சி. மெலிந்த காட்டெருமைகள் மேல் உண்ணிகள் மொய்த்தன. சாகும் எருமைகளைச் சிங்கங்கள் வயிறு முட்டத் தின்றன. உண்ணி வழியே பபீசியா என்ற ரத்த ஒட்டுண்ணி பெருமளவில் ஏறியது. டிஸ்டெம்பர் எதிர்ப்பாற்றலைக் குலைக்க, பபீசியா கட்டவிழ்ந்தது. 2001-இல் அருகிலுள்ள ஙொரோங்கொரோவிலும் அதுவே நடந்தது. வைரஸின் பெயரை மட்டும் எழுதிக் கோப்பை மூடியிருந்தால் வறட்சி என்ற சாட்சி கடைசிவரை வந்திருக்காது.

ஒரே உண்ணிக் கடியில் இரண்டு நோய்கள் வருமா?

வரும். லைம் என்ற பாக்டீரியா நோயைப் பரப்பும் உண்ணியே பபீசியாவையும் அனாபிளாஸ்மா என்ற இன்னொரு பாக்டீரியாவையும் சுமக்கிறது. லைமுக்குக் கொடுக்கும் டாக்சிசைக்ளின் அனாபிளாஸ்மாவையும் பார்த்துக்கொள்ளும், பபீசியாவைத் தொடாது. மருந்து சாப்பிட்டும் காய்ச்சலும் ரத்தசோகையும் தொடர்ந்தால் அந்தத் திசையில் பார்க்க வேண்டும்.

இரண்டு வைரஸ்கள் சேர்ந்து புதிய வைரஸ் பிறக்குமா?

பிறக்கும், அதற்கு இரண்டும் ஒரே செல்லுக்குள் இருந்தாக வேண்டும். ஃப்ளூ வைரஸின் மரபுப் பொருள் 8 தனித் துண்டுகளாக இருக்கிறது. இரண்டு ஃப்ளூ வைரஸ்கள் ஒரு செல்லில் சந்தித்தால், சீட்டுக்கட்டைக் கலைத்தது போல 256 சேர்க்கைகள் சாத்தியம். 1957, 1968, 2009 ஆகிய மூன்று பெருந்தொற்றுகளும் இப்படிக் கலைந்த கட்டிலிருந்து வந்தவை. பெரும்பாலான சேர்க்கைகள் பிழைக்காமலே போகின்றன என்பதையும் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு பன்றியும் ஆயுதக் கிடங்காகத் தோன்றும்.

பரிசோதனையில் ஒன்று தெரிந்துவிட்டால் போதாதா?

போதாது என்பதை மலேரியா ஸ்லைடு கற்றுக்கொடுக்கும். நூறு மடங்கு லென்ஸின் கீழ், இயல்பான அளவுள்ள சிவப்பணுவின் ஓரத்தில் மெல்லிய மோதிரம் ஒட்டியிருந்தால், அதுவும் ஒரே அணுவில் இரண்டு மூன்று மோதிரங்கள் இருந்தால், ஃபால்சிபேரம் வகை மலேரியா என்று பார்ப்பவர் எழுதிவிடுவார். கை தானாகவே அடுத்த ஸ்லைடுக்குப் போகும். ஆனால் அதே ஸ்லைடில் பத்துப் பார்வைப் புலம் தள்ளிப் பார்த்திருந்தால், பருத்து வெளிறிய ஒரு சிவப்பணு, அதற்குள் இளஞ்சிவப்பு நுண்புள்ளிகள், நடுவே ஒழுங்கற்று வழியும் அமீபா போன்ற உருவம் தென்பட்டிருக்கும். அது வைவாக்ஸ் என்ற இன்னொரு மலேரியா வகை. முதலாவதுக்கு மட்டும் மருந்து கொடுத்தால், கல்லீரலில் தூங்கும் வைவாக்ஸ் சில வாரங்கள் கழித்து எழுந்துவரும். விரைவுப் பரிசோதனை அட்டையும் உதவாது: ஃபால்சிபேரத்துக்கு ஒரு கோடு, எல்லா மலேரியாவுக்கும் பொதுவாக ஒரு கோடு என்றுள்ள அட்டையில், ஃபால்சிபேரம் மட்டும் இருந்தாலும் இரண்டு கோடு, கலப்பாக இருந்தாலும் அதே இரண்டு கோடு.

எதிர்த்திசைத் தவறும் நடக்கிறது. மலேரியா நோயாளிக்கு வைடால் பரிசோதனை செய்தால் டைஃபாய்டே இல்லாமலும் 'பாசிட்டிவ்' காட்டலாம். உடனே "மலேரியாவும் டைஃபாய்டும்" என்று இரட்டைப் பெயர் எழுதப்படுகிறது. ரத்தத்திலிருந்து கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனை இல்லாமல் எழுதப்படும் அந்த இரட்டைப் பெயரை நான் பெரும்பாலும் நம்புவதில்லை. மூக்குச் சளியில் ஒரே நேரத்தில் இருபது கிருமிகளைத் தேடும் பி.சி.ஆர் சோதனையிலும் இதே சிக்கல்: நான்கு பெயர்கள் வரும், அவற்றில் ஒன்று போன மாதச் சளியின் மிச்சமாக இருக்கும், இன்னொன்று குழந்தையின் தொண்டையில் நிரந்தரமாகக் குடியிருப்பதாக இருக்கும். கிருமி இருப்பது ஒன்று, அது நோய் செய்வது வேறு.

அப்படியானால் எந்த வைரஸ் வந்தாலும் ஆன்டிபயாட்டிக்கும் சேர்த்துச் சாப்பிட்டுவிடலாமே?

கூடாது. கோவிட் தொடங்கிய மாதங்களில் வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, மருத்துவமனைக்கு வரும்போதே பாக்டீரியா இணைத்தொற்று இருந்தவர்கள் ஏறத்தாழ 3.5 சதவீதம். ஆன்டிபயாட்டிக் பெற்றவர்களோ 70 சதவீதத்துக்கு மேல். 1918-இன் பாடத்தை 2020-இல் அப்படியே ஒப்பித்ததன் விளைவு இது. ஃப்ளூவின் கூட்டாளி நிமோகாக்கஸ். கோவிட்டின் கூட்டாளி வேறாக இருந்தது. 2021-இல் அதிகம் அச்சுறுத்தியது கரும்பூஞ்சை எனப்பட்ட மியூகோர்மைகோசிஸ். கட்டுப்பாடற்ற சர்க்கரை நோயும் அளவுமீறிய ஸ்டீராய்டும் அதற்குப் பாய் விரித்தன. ஆன்டிபயாட்டிக் பூஞ்சையை ஒன்றும் செய்யாது.

ஒன்றுக்குக் கொடுக்கும் மருந்து இன்னொன்றைக் கிளறிவிடுமா?

கிளறும், சில நேரம் மோசமாக. ஹெபடைட்டிஸ் பி-யும் சி-யும் ஒன்றாக இருப்பவரிடம் பெரும்பாலும் சி ஓங்கி நின்று பி-யை அமுக்கி வைத்திருக்கும். புதிய மாத்திரைகள் சி-யைச் சில வாரங்களில் துடைத்தெடுத்துவிட, அடங்கியிருந்த பி துள்ளி எழுந்து கல்லீரலைத் தாக்கிய நிகழ்வுகள் உண்டு. 2016-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அந்த மருந்துகளின்மேல் கடுமையான எச்சரிக்கை அச்சிடச் சொன்னது. சி-க்கு மருந்து தொடங்குமுன் பி இருக்கிறதா என்று பார்ப்பது இப்போது கட்டாயம்.

மத்திய ஆப்பிரிக்காவில், புழுவால் வரும் ஆற்றுக் குருட்டு நோய்க்கு ஐவர்மெக்டின் என்ற புழு மருந்து கொடுத்தார்கள். லோவா லோவா என்ற இன்னொரு புழுவின் குஞ்சுகள் ரத்தத்தில் மிகுதியாக இருந்தவர்களிடம், அவை ஒரே நேரத்தில் செத்து மூளைப் பாதிப்பை உண்டாக்கின. மருந்து நல்லது, நோயறிதலும் சரி. கூட இருந்த இன்னொன்றை யாரும் எண்ணவில்லை. மருந்துகள் தங்களுக்குள் மோதுவதும் உண்டு. காசநோய்க்கான ரிஃபாம்பிசின் கல்லீரல் நொதிகளை முடுக்கிவிடுவதால், எச்.ஐ.வி-க்கான டோலுடெக்ராவிர் உடலிலிருந்து சீக்கிரம் வெளியேறிவிடும். அதனால் அதை நாளுக்கு இரண்டு வேளையாகக் கொடுக்கிறார்கள்.

ஒரு தடுப்பூசி இரண்டு நோய்களைத் தடுக்குமா?

வரிசையில் முதலில் வருவதைத் தடுத்தால் தடுக்கும். ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி போட்டவருக்கு டி வராது. டி-க்குத் தனித் தடுப்பூசியே தேவையில்லை. தட்டம்மை வந்து போனபின் பல வாரங்கள் எதிர்ப்பாற்றல் தளர்ந்து நிற்கும்; முன்பு பழகிய கிருமிகளின் நினைவையும் அது ஓரளவு அழித்துவிடும். ஆகவே தட்டம்மைத் தடுப்பூசி, பெயரில் இல்லாத நிமோனியாவையும் சேர்த்துத் தடுக்கிறது. தென்னாப்பிரிக்காவில் குழந்தைகளுக்கு நிமோகாக்கஸ் தடுப்பூசி போட்டு நடந்த ஆய்வில், வைரஸ் தொடர்பான நிமோனியாவே 31 சதவீதம் குறைந்தது. வைரஸுக்கு எதிராக அந்த ஊசியில் ஒன்றுமில்லை. கூட்டாளியைப் பிடித்ததால் வந்த பலன் அது.

நோயாளியாக நான் எதைக் கவனித்துச் சொல்ல வேண்டும்?

தேதிகளை. எந்த நாளில் காய்ச்சல் தொடங்கியது, எந்த நாளில் விட்டது, மறுபடி எப்போது வந்தது, இரண்டாவது முறை இருமலின் தன்மையோ சளியின் நிறமோ மாறியதா என்பதை எழுதிவைத்துக்கொண்டு போங்கள். விட்டுத் திரும்பிய காய்ச்சலும் விடாமல் நீடித்த காய்ச்சலும் மருத்துவருக்கு இரு வேறு செய்திகள். முன்பிருந்தே உள்ள தொற்றுகள், சாப்பிட்டுவரும் ஸ்டீராய்டு, கடைசியாகப் பயணம் போன இடம், உண்ணியோ கொசுவோ கடித்த நினைவு ஆகியவற்றையும் அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். சரியான மருந்து சாப்பிட்டும் எதிர்பார்த்த நாளுக்குள் குறையவில்லை என்றால், "மருந்தை மாற்றுங்கள்" என்று கேட்பதற்கு முன் "கூட இன்னொன்று இருக்குமா?" என்று கேட்டுப் பாருங்கள். மாட்டுக்கும் நாய்க்கும் வாய் இல்லை. அவற்றின் தேதிகளை நீங்கள்தான் குறித்துவைக்க வேண்டும்.